கேட்பாரற்ற சாவுகள்: சென்னையின் பழைய கொலைகளும் ராயபுரமும்

கொலை என்றால் வடசென்னை என்று காட்டுவது தமிழ் சினிமாவுக்கு நெடுநாள் பழக்கம். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று ஊர்ப்பெயரைச் சொன்னாலே அரிவாள் நினைவுக்கு வரும்படி செய்துவிட்டார்கள். பழைய ஆவணங்களில் இருப்பது வேறு. சென்னை வரலாற்றில் பேர்பெற்ற, விடை கிடைக்காத கொலைகளை எடுத்துப் பார்த்தால், ஒன்று கோட்டைக் காலத்து வெள்ளைக்காரி வீட்டில் நடந்தது. ஒன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் தோட்ட மாளிகையில். இன்னொன்று தேனாம்பேட்டையில் ஜமீன் பிள்ளைகள் படித்த விடுதியில். மற்றொன்று வேப்பேரித் தெருவில். ராயபுரத்தில் நடந்து ஊரெங்கும் பேசப்பட்ட கொலையோ ஓராண்டுக்குள் துப்புத் துலங்கி, தீர்ப்பும் வந்து முடிந்தது.

அந்த ராயபுரக் கொலையிலிருந்தே தொடங்குவது நல்லது. ஒரு கொலை எப்படித் துலங்குகிறது என்பதை அது அவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது.

கொலையுண்ட ஆளவந்தார் சைனா பஜாரில் ஜெம் அண்ட் கம்பெனி என்ற பேனாக் கடையோடு சேர்ந்து வியாபாரம் செய்தவர். தவணைக்குப் புடவையும் விற்றார். அதற்கு முன் ராணுவத்தில் வேலை பார்த்திருந்தார். 1952 ஆகஸ்ட் 28 அன்று ராயபுரம் செமட்ரி ரோடில் இருந்த ஒரு வீட்டுக்குப் போனார். பிரபாகர மேனன், தேவகி தம்பதியின் வீடு அது. தேவகிக்கும் அவருக்கும் கல்யாணத்துக்கு முன்பே பழக்கம் இருந்தது. போனவர் திரும்பவில்லை. உடல் ஒரு டிரங்குப் பெட்டியில் அடைக்கப்பட்டு, எழும்பூரிலிருந்து தெற்கே போகும் போட் மெயிலில் ஏற்றப்பட்டது. நாற்றம் தாங்காமல் மானாமதுரையில் பெட்டியை இறக்கித் திறந்தபோது உள்ளே தலையில்லாத உடல் இருந்தது. தலை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது.

ஊர் இந்தக் கதையை எழுபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. காதல், துரோகம், பெட்டி, ரயில், கடற்கரை என்று எல்லாம் அதில் உண்டு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. உடல் ஒரு மாவட்டத்தில், தலை இன்னொரு மாவட்டத்தில். இவை இரண்டும் ஒரே ஆளுடையவை, அந்த ஆள் இன்னார் என்று எப்படி நிறுவினார்கள்? வீடு திரும்பாத கணவரைத் தேடி மனைவி உடனே கடைக்கும் போலீசுக்கும் போனார். கடைக்காரருக்கு ஆள் எங்கே போயிருப்பார் என்று தெரிந்திருந்தது. மதராஸ் மருத்துவக் கல்லூரியின் தடய மருத்துவர் சி. பி. கோபாலகிருஷ்ணா உடலையும் தலையையும் பொருத்திப் பார்த்தார். காதில் இருந்த துளைகளும் பல்வரிசையில் ஏறி நின்ற ஒரு பல்லும் அடையாளம் காட்டின. ராணுவப் பதிவேட்டில் இருந்த கைரேகை மீதியை உறுதி செய்தது. பம்பாய்க்குப் போய்விட்ட தம்பதியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 1953இல் நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர் மேனனுக்கு ஏழு ஆண்டும் தேவகிக்கு மூன்று ஆண்டும் கடுங்காவல் விதித்தார்.

ஆளவந்தாரைத் தேட ஒரு மனைவி இருந்தார், கேட்க ஒரு முதலாளி இருந்தார், ராணுவத்தில் அவருடைய விரல் பதிந்திருந்தது. உயிரோடு இருந்தபோது நாலு இடத்தில் கணக்கில் இருந்தவர் என்பதால்தான் செத்த பிறகு அவர் யார் என்று தெரிந்தது. சென்னையின் பழைய கொலைகளை வாசிக்க வாசிக்க எனக்குள் வலுப்படும் எண்ணம் இதுதான். துப்புத் துலங்குவது கொலையாளியின் சாமர்த்தியத்தை மட்டும் பொறுத்ததன்று. செத்தவர் யார் கணக்கில் இருந்தார் என்பதையும் பொறுத்தது. கணக்கில் இருந்தாலும் போதாது. அந்தக் கணக்கைப் பார்க்க விரும்பும் அதிகாரமும் வேண்டும்.

1660களில் நடந்தது இதற்கு முதல் சான்று. அசென்ஷியா டாஸ் என்ற வெள்ளைக்காரப் பெண் தன் வீட்டு அடிமைப் பெண்ணைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். அப்போது மதராஸ் கோட்டையின் தலைவருக்கு ஏஜெண்ட் என்றுதான் பட்டம். கொலை வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டா என்றே அவருக்குத் தெரியவில்லை. லண்டனுக்கு எழுதிக் கேட்டார்கள். கம்பெனி ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்டை கவர்னர் ஆக்கி அதிகாரம் கொடுத்தது. மதராஸின் முதல் கவர்னர் பதவியும் முதல் ஜூரி விசாரணையும் ஓர் அடிமைப் பெண்ணின் பிணத்தின் மேல் எழுந்தவை. ஜூரர்கள் கொலை நடந்தது உண்மை என்றார்கள். ஆனால் குற்றப்பத்திரிகையில் சொன்ன விதத்தில் நடக்கவில்லை என்றார்கள். முடிவில் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. டால்பாய்ஸ் வீலர் 1861இல் வெளியிட்ட மதராஸ் வரலாற்றிலும், எச். டி. லவ் 1913இல் மூன்று பெருந்தொகுதிகளாகக் கொண்டுவந்த நூலிலும் கவர்னர்களின் குடும்ப விவரங்கள் வரைக்கும் உண்டு. அந்தப் பெண்ணின் ஊரும் உறவும் அவற்றில் இல்லை.

கணக்கில் இருந்தவரின் சாவு எப்படி நடத்தப்பட்டது என்பதற்கு 1693ஆம் ஆண்டைப் பார்க்கலாம். கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலர், மருத்துவர் சாமுவேல் பிரவுன் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டு இறந்தார். ஆர்சனிக் அரைத்த கல்வத்தைக் கழுவாமல் அதிலேயே மருந்தையும் அரைத்ததுதான் காரணம். இன்னொரு மருத்துவர் எட்வர்ட் பல்க்லி உடலை அறுத்துப் பரிசோதித்தார். இந்தியாவில் பதிவாகியுள்ள முதல் சவப்பரிசோதனை என்று மருத்துவ வரலாற்றாளர்கள் குறிப்பது இதைத்தான். பிரவுன் தன் பிழையைத் தானே எழுதி ஒப்புக்கொண்டார். வழக்கு மேலே போகவில்லை. இன்றைக்கும் கல்வமும் நஞ்சும் கை மாறியதும் வரைக்கும் நமக்குத் தெரிகிறது.

கவர்னரே செத்தால்? 1776 ஆகஸ்டில் கவுன்சில் உறுப்பினர்கள் தங்கள் கவர்னர் பிகட் பிரபுவைப் பிடித்துச் சிறை வைத்தார்கள். தஞ்சாவூரை மராட்டிய அரசருக்குத் திருப்பிக் கொடுப்பதா, ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்த வெள்ளைக்காரர்களின் பணம் என்னாவது என்பதுதான் உள் சண்டை. 1777 மே 11 அன்று காவலில் இருந்தபடியே பிகட் இறந்தார். கரோனர் என்னும் மரண விசாரணை அதிகாரி மாதக்கணக்கில் விசாரித்தார். ஜூரி, பிகட்டைச் சிறை வைத்த ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் உள்ளிட்டவர்கள் மேல் வேண்டுமென்றே செய்த கொலை என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. லண்டனில் 1780இல் நான்கு பேருக்கு ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம் போட்டார்கள், அதுவும் அதிகாரத்தைக் கவிழ்த்த குற்றத்துக்காக. ஒரு கவர்னரைச் சிறை வைத்த விலை அவ்வளவுதான். கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய கல்லறையில் நெடுங்காலம் பெயர்கூட இல்லை.

பிகட் வழக்கில் தோற்றாலும், கரோனர் விசாரணை பெரிய மனிதர்களுக்கு எதிராகவும் ஒரு முடிவைச் சொல்ல முடிந்த அமைப்பு. பொதுமக்கள் உட்கார்ந்து, பிணத்தைப் பார்த்து, சாட்சி கேட்டு, இது கொலை என்று எழுதினார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் அந்தப் பதவி இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. மதராஸில் 1889ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது. அதன் பிறகு சந்தேக மரணங்களைப் போலீசே விசாரித்தது. இதை நகரத்துக்கு நேர்ந்த இழப்பாகவே நான் பார்க்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் இரண்டு பெரிய மர்மங்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. தேனாம்பேட்டை நியூயிங்டன் விடுதியில் ஜமீன் வாரிசுகளுக்குப் பாடம் சொன்ன கிளமெண்ட் டி லா ஹே 1919 அக்டோபரில் தூக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர் வாரிசு குற்றவாளிக் கூண்டில் நின்றார். சிங்கம்பட்டி வாரிசு அப்ரூவர் ஆனார். வழக்கு பம்பாய்க்கு மாற்றப்பட்டு விடுதலையில் முடிந்தது. யார் சுட்டது என்பதற்குச் சட்டப்படி இன்றுவரை பதில் இல்லை. அந்த வழக்குச் செலவால் கடனில் விழுந்த சிங்கம்பட்டி ஜமீன்தான் பின்னால் மாஞ்சோலைக் காட்டைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது என்று தெற்கே சொல்கிறார்கள். குத்தகை 1929இல் நடந்தது, பரப்பு எட்டாயிரம் ஏக்கருக்கு மேல். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் மூன்று தலைமுறைத் துயரத்துக்குத் தேனாம்பேட்டைத் துப்பாக்கி ஒரு காரணம் என்றால், எந்தக் கொலையும் ஓர் இரவில் முடிவதில்லை.

லட்சுமிகாந்தன் வழக்கு எல்லாருக்கும் தெரிந்தது. 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று நடிகர்களின் அந்தரங்கத்தை அச்சிட்டு விற்றவர். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரி ஜெனரல் காலின்ஸ் ரோடில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்தியால் குத்தப்பட்டார். காயத்தோடு போலீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் மறுநாள் இறந்தார். நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார்கள். அந்தச் சமயத்தில் பாகவதரின் 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம். நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவரையும் ஜூரி ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் குற்றவாளி என்றது. பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை மீண்டும் கேட்கச் சொல்லித் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் வெளியே வந்தார்கள். அதன்பின் பாகவதர் பழைய பாகவதராக எழவில்லை. நம் நூல்களெல்லாம் அந்த வீழ்ச்சிக்காக அழுதன, அழுதது நியாயமே. ஆனால் அவர்கள் குற்றவாளிகள் இல்லை என்றானதும், அப்படியானால் குத்தச் சொன்னது யார் என்ற கேள்வியை அரசு திரும்ப எடுக்கவில்லை. செத்தவர் கெட்டவர் என்று ஊர் ஏற்கெனவே தீர்மானித்திருந்தது. ஆளவந்தார் வழக்கிலும் செத்தவரின் நடத்தைதான் கூண்டில் நின்றது. கெட்டவரைக் கொன்றாலும் கொலை கொலைதான். இதை உரக்கச் சொன்ன எழுத்து நம்மிடம் குறைவு.

இந்தத் துறையில் எழுதியவர்களைச் சொல்லாமல் போகக் கூடாது. வழக்கறிஞரும் சினிமா வரலாற்றாளருமான ராண்டார் கை, லட்சுமிகாந்தன், ஆளவந்தார் வழக்குகளை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எஸ். முத்தையா நகர வரலாற்றைப் பொதுவாசகருக்குத் திறந்துவிட்டார். இருவரும் ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் எழுதினார்கள். தமிழில் இதற்கு மூத்த மரபு ஒன்று உண்டு, அது கொலைச் சிந்து. மலிவுக் காகிதத்தில் அச்சிட்டு, குஜிலிக் கடைகளிலும் சந்தைகளிலும் பாடி விற்றார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' நூலில் இந்த உலகத்துக்கு வரலாற்றில் இடம் பெற்றுத் தந்தார். சிந்துக்காரர்கள் மிகைப்படுத்துவார்கள், பயமுறுத்துவார்கள், பெண்ணைப் பழிப்பார்கள். ஆனாலும் கோர்ட் ஏறாத சாவையும் சாதாரண மனிதரின் பெயரையும் பாட்டில் வைத்தவர்கள் அவர்கள்தான். தீர்ப்பு நகலுக்கு எதிரே வைத்து வாசிக்க வேண்டிய ஆவணம் அது.

இப்போது ஆலைப் பக்கம் வரலாம். 1921இல் பின்னி மில் என்று மக்கள் அழைத்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நடந்தது. சாதியின் பேரில் தொழிலாளர்கள் பிளவுபட்டார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. இரு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதிலும் உயிர்கள் போயின. திரு.வி.க.வும் பி. பி. வாடியாவும் வளர்த்த தொழிற்சங்கத்தின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சாவுகள் வேலைநிறுத்த வரலாற்றில் ஓர் எண்ணிக்கையாக நிற்கின்றன. கொலை வழக்குகளின் வரிசையில் யாரும் அவற்றைச் சேர்த்ததில்லை. டி லா ஹே செத்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அதே நகரம், அதே போலீஸ். ஒருவருக்காகப் பம்பாய் வரைக்கும் விசாரணை போயிற்று. இவர்களுக்குப் புளியந்தோப்பைத் தாண்டிப் போகவில்லை.

பின்னி மில்லுக்குப் பிறகு ஆலை வளையம் வடக்கே நீண்டது. நாற்பதுகளின் இறுதியில் எண்ணூரில் பின்னால் அசோக் லேலண்ட் ஆன அசோக் மோட்டார்ஸ், 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட், அறுபதுகளில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 2001இல் எண்ணூர்த் துறைமுகம். ஒவ்வொரு கட்டத்திலும் வெளியூர்க் கூலிகள் வந்தார்கள். முன்பு வட ஆர்க்காடும் ஆந்திரமும் அனுப்பியவர்கள். இன்று ஒடிசா, பீகார், வங்காளம். ஒப்பந்தக்காரரின் நோட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். அவர்களில் ஒருவர் தண்டவாளத்திலோ பக்கிங்காம் கால்வாயிலோ பிணமாகக் கிடந்தால் ‘174 கேஸ்’ ஆகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 194 ஆகிவிட்டது. காவல் நிலையத்தில் வாய்வழக்கு மாறவில்லை. ஸ்டான்லி மார்ச்சுவரியில் வைத்து, அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் நாற்பது, கையில் பச்சை என்று ஓர் அறிவிப்பு வரும். யாரும் வராவிட்டால் அடக்கம் செய்துவிடுவார்கள். விபத்தா, தற்கொலையா, கொலையா என்று கேட்க வீட்டாளும் முதலாளியும் இருந்த ஆளவந்தாரின் நிலை இவர்களுக்கு இல்லை.

பழையதைத் தேடுவதற்கு வழி இன்னும் இருக்கிறது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலத்திலிருந்து நீதித்துறை, காவல்துறைத் தொகுதிகள் இருக்கின்றன. 1849இல் மதராஸில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் அலுவலகம் நஞ்சு வழக்குகளை ஆராய்ந்து அரசுக்கு ஆண்டறிக்கைகள் கொடுத்தது. கரோனர் விசாரணைகள், ரயில்வே போலீஸ் குறிப்புகள், துறைமுகப் பதிவுகள் ஆகியவற்றிலிருந்து செத்தவர்களின் பெயர்களை மட்டும் எடுத்து அகரவரிசையில் தமிழில் ஒரு பட்டியல் போட்டாலே இந்தத் துறை புதிதாகத் தொடங்கும். பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் ஆளுக்குப் பத்தாண்டுப் பகுதியைப் பிரித்துக்கொள்ளலாம். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் வீடுகளில் பழைய சிந்து நூல் ஒன்றிரண்டு பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.