இகரக் குறிலும் இலைப்படமும்

சிறார்க்குரிய அரிச்சுவடிகள் பலவற்றுள் இகரத்திற்கு இலையின் படமும் எகரத்திற்கு எலியின் படமும் இடுதல் நெடுநாள் வழக்கு. எழுத்தின் வடிவினும் அதன் ஒலியை முற்படக் கற்பிப்போரும் இப்படங்களையே கையாளுவர். இதனை யாம் உடன்படுதற்கில்லை.

தமிழகத்துக் குழந்தை இல்லத்திற் கேட்பது 'எலை' என்பதே. அகரமோ ஐகாரமோ ஊர்ந்த ஒற்றை மெய் அடுத்து வரின், சொல்முதல் இகரம் பேச்சில் எகரமாகத் திரியும். இடம் எடம் ஆகும். விலை வெலை ஆகும். உகரமும் அவ்வாறே ஒகரமாதலைக் குடம் கொடம் என வழங்குதலிற் காண்க. இது நாவின் சோம்பலால் நேர்ந்த பிழையன்று, ஒழுங்குடைய ஒலிமாற்றம். இகரமும் எகரமும் பல்லின் அடியை நாவிளிம்பு உறப் பிறப்பன எனத் தொல்காப்பியர் பிறப்பியலில் ஒருங்கு வைத்தமையும் ஈண்டு நினையத்தகும்.

ஆகவே, இலைப்படத்தைக் கண்டு 'எ' என்னும் சிறுவன் தன் செவி கேட்டதையே உரைக்கின்றான். ஆசிரியரோ தவறு என்பர். இ, ஈ என நீட்டிக் காட்டலும் ஈண்டுப் பயன்படாது. அவன் மயங்குவது மாத்திரையிலன்று, ஒலியில். (சுவடி இயற்றினோர் ஏட்டை நோக்கினரேயன்றி வாயை நோக்கிலர் போலும்!)

இஞ்சி, இட்டிலி என்பன இகரம் திரியாச் சொற்கள். உகரத்திற்கு உப்பு ஆம். இவற்றால் ஒலி நிலைபெற்ற பின்னரே இலையைக் காட்டி, பேச்சில் எகரமாயினும் எழுத்தில் இகரமே என உணர்த்தல் வேண்டும். இஞ்சியைச் சிறார் அறியும்படி வரைதல் அரிது எனின், இட்டிலியை அறியாத பிள்ளைகள் நம் பள்ளிகளில் மிகச் சிலரே.