கைபடாத காசு: நவீன நாணயச் சேகரிப்பு பற்றிச் சில குறிப்புகள்

'நாணயம் சேர்க்கிறதப் பத்தியெல்லாம் ஒரு கட்டுரையா? சில்லறை விஷயமாச்சே' என்றார் நண்பர். அவர் சொன்ன அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் நாணயம் என்றால் நேர்மை என்றும் பொருள். 'நாணயமான மனுஷன்' என்கிறோம். சில்லறை என்றால் அற்பம். 'சில்லறைப் பய' என்கிறோம். உலோகம் ஒன்றுதான். அது யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மொழி அதற்கு மரியாதை தருகிறது. ஆகவே காசு சேர்ப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அதற்குள்ளும் ஒரு மதிப்பீடு வேலை செய்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதே என் கேள்வி.

1

தமிழ் எம்.ஏ. வகுப்பில் காசு என்றால் பழங்காசுதான். பெருவழுதி என்று பெயர் பொறித்த பாண்டியர் காசு, ராஜராஜன் காசு என்று சொல்லும்போதே ஆசிரியரின் குரல் மாறிவிடும். அந்தக் காசு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, அதைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் யார் என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. பழங்காசு வரலாறாகவும் பெருமிதமாகவும் ஆகிவிட, புதுக்காசு சேர்ப்பது பள்ளிக்கூடப் பையன்களும் குமாஸ்தாக்களும் கண்டக்டர்களும் செய்கிற காரியமாக மிஞ்சியது.

நான் அந்தக் கூட்டத்தில் ஒருவன். 1957 ஏப்ரல் 1-ல் தசம முறை வந்த பிறகு அச்சடிக்கப்பட்ட இந்தியக் காசுகளைச் சேர்க்கிறேன். இதற்குப் பெரிய பணம் வேண்டாம், கண் வேண்டும். வருஷத்துக்குக் கீழே ஒரு சின்னக் குறி இருக்கும். வைரக் குறி என்றால் பம்பாய், நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, குறியே இல்லையென்றால் கல்கத்தா. முதலில் 'நயா பைசா' என்றிருந்தது, 1964 ஜூனில் 'நயா' உதிர்ந்து வெறும் பைசா ஆனது. எழுபதுகளில் அரசு தன் ஆசைகளையெல்லாம் சில்லறையில் எழுதத் தொடங்கியது. 1970-ல் 'அனைவருக்கும் உணவு'. 1974-ல் பத்துப் பைசாவில் திட்டமிட்ட குடும்பம். பிள்ளை பெறுவது பற்றிய உபதேசத்தைப் பத்துப் பைசாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவரின் உள்ளங்கையில் வைத்துச் சொல்கிறது அதிகாரம். காசை ஒரு பிரதியாக வாசிக்க இந்தப் பழக்கம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தக் கடனை மறுக்கவில்லை.

2

சிக்கல் தரம் பிரிப்பதில் இருக்கிறது. சேகரிப்பாளரிடம் ஒரு காசைக் காட்டினால் அவர் முதலில் பார்ப்பது அதன் உடம்பை. அச்சகத்தைவிட்டு வந்து யார் கைக்கும் போகாத காசு 'அன்சர்க்குலேட்டட்'. அதுதான் மேல். அதற்கடுத்து லேசாகத் தேய்ந்தது, பிறகு நன்றாகத் தேய்ந்தது என்று படி இறங்கும். விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், முகத்தைத் தொடக்கூடாது. கை வேர்வை பட்டால் ரேகை பதிந்துவிடும்.

இந்தப் படிநிலைக்கு எண் கொடுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்கிற அமெரிக்கர். 1793 முதல் 1814 வரையிலான அமெரிக்கப் பெரிய செம்பு சென்ட்டுகளைப் பற்றி 1949-ல் ஒரு நூல் எழுதினார். அதில்தான் 1 முதல் 70 வரையிலான அளவுகோல் வருகிறது. அடையாளம் மட்டும் தெரிகிற காசுக்கு 1, குறையே இல்லாத காசுக்கு 70. இன்று உலகம் முழுக்கக் காசுகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் பூட்டி மதிப்பெண் போடும் நிறுவனங்கள் கையாள்வது இந்த அளவுகோலின் வளர்ச்சியைத்தான்.

ஷெல்டனின் தொழில் நாணயவியல் அல்ல, உளவியல். மனித உடம்புகளை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் 1 முதல் 7 வரை எண் போட்டு, அந்த எண்ணிலிருந்து மனிதனின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பியவர். இதற்காக ஆயிரக்கணக்கான கல்லூரி மாணவர்களின் நிர்வாணப் படங்களைப் பயன்படுத்தினார். காசு நூல் வந்த அதே 1949-ல்தான், குற்றம் செய்யும் இளைஞர்களின் உடலமைப்பு பற்றிய அவருடைய நூலும் வந்தது. உடம்பைத் தரம் பிரித்த கையும் காசைத் தரம் பிரித்த கையும் ஒன்றே. இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாம்தான். என்னால் முடியவில்லை. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, மட்டமான காசுகளை அந்த இடத்தில் வைத்தவர் இவர் என்பது, 1977-ல் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது. நாணயம் என்ற சொல்லின் இரண்டு பொருளும் இந்த இடத்தில் விலகி நிற்கின்றன.

3

'கைபடாதது' மேல், 'கைபட்டது' கீழ் என்கிற இந்த வரிசையைக் கேட்டதும் எனக்கு ஷெல்டன் ஞாபகம் வருவதற்கு முன்பே அப்பாயி ஞாபகம் வந்துவிடும்.

எங்கள் ஊர்க் கடை ஒன்றில் அப்பாயி காசைப் பலகையில் வைக்க வேண்டும். கடைக்காரர் தண்ணீர் தெளித்துவிட்டு எடுப்பார். மீதிச் சில்லறையைக் கையில் தரமாட்டார், உயரத்திலிருந்து போடுவார். அப்பாயி முந்தானையை விரித்துப் பிடித்துக்கொள்ளும். 'காசு மட்டும் இனிக்குது, கையி கசக்குதாக்கும்' என்று வீட்டுக்கு வந்த பிறகு சொல்லும். கடையில் சொல்ல முடியாது.

அம்பேத்கர் தன் இளம் வயது அனுபவம் ஒன்றை எழுதியிருக்கிறார். 1901-ல் தந்தையைப் பார்க்கப் போன சிறுவர்களுக்கு மாட்டுவண்டி கிடைக்கவில்லை. கடைசியில் இரண்டு மடங்கு கூலி தருவதாகச் சொன்னபோது ஒருவர் சம்மதித்தார். ஆனால் வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். ஆக, தீட்டு காசுக்கு இல்லை, கைக்குத்தான்.

காசின் இயல்பு மறதி. பிணத்தின் நெற்றியில் ஒட்டிய ஒரு ரூபாயை வெட்டியான் எடுத்துக்கொள்கிறார். மறுநாள் அது டீக்கடைக் கல்லாவில் கிடக்கும், அங்கிருந்து உண்டியலுக்கும் போகும். எங்கிருந்து வந்தோம் என்று அது யாரிடமும் சொல்வதில்லை. காசு புழங்கப் புழங்கத் தேய்ந்து, அதன் எடையும் அதில் எழுதியிருக்கிற மதிப்பும் வேறு வேறாகிவிடுவதை மார்க்ஸ் விவரித்திருக்கிறார். அந்தத் தேய்மானத்தை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம் எனத் தோன்றுகிறது. எந்தக் கை என்பதைக் காசு மறந்துவிடுகிறது. கைகள் இருந்தன என்பதை மட்டும் தன் முகத்தில் வைத்துக்கொள்கிறது. அந்த மறதியைப் பொறுக்க முடியாமல்தான் சாதி தண்ணீர் தெளிக்கிறது. தேய்ந்த காசைக் கீழே தள்ளும் சேகரிப்பாளரிடம் சாதி நோக்கம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொடப்படாததே தூய்மை என்கிற அழகியலை அவர் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறார். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன வரலாறு உண்டு என்பதை அவர் யோசிப்பதில்லை.

4

1990-ல் அம்பேத்கர் நூற்றாண்டுக்காக ஒரு ரூபாய் நாணயம் வந்தது. ரூபாயின் சிக்கல் பற்றி 1923-ல் நூல் எழுதியவரின் முகம் ரூபாயிலேயே வந்தது. அது புழக்கத்துக்கு வந்த காசு. கண்டக்டர் பையிலும் கோயில் உண்டியலிலும் சாராயக்கடையிலும் கிடந்தது. தண்ணீர் தெளித்து எடுத்த கடைக்காரரும் அந்த முகத்தைத் தொட்டுத்தான் எண்ணியிருக்க வேண்டும்.

2015-ல், 125-ஆம் ஆண்டுக்கு, இரண்டு நாணயங்கள் வந்தன. பத்து ரூபாய் ஒன்று, 125 ரூபாய் ஒன்று. இரண்டாவது எந்தக் கடையிலும் மாறுவதற்கானது அல்ல. பெட்டியில் வைத்து விற்பதற்கானது. அதற்கடுத்த ஆண்டுகளில் பத்து ரூபாய்க் காசையே தமிழ்நாட்டின் பல ஊர்களில் வாங்க மறுத்தார்கள். காரணம் சாதியல்ல, 'இது செல்லாது' என்ற வதந்தி. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவிக்க வேண்டியிருந்தது.

இப்போது அரசே கைபடாத காசை அச்சடிக்கிறது. 1995 உலகத் தமிழ் மாநாட்டின் திருவள்ளுவர் காசு எனக்குப் பஸ்ஸில் மீதிச் சில்லறையாகக் கிடைத்தது. 2009-ல் அண்ணாவின் ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருந்தது. அதுவும் கடைக்குப் போய்வந்த காசு. 2024-ல் வந்த கலைஞரின் நூறு ரூபாய் நாணயத்தில் 'தமிழ் வெல்லும்' என்று இருக்கிறது. பாதி வெள்ளி, முகமதிப்பைவிடக் கூடுதல் விலை. அந்தத் தமிழ் எந்தக் கண்டக்டர் கைக்கும் வராது. தலைவர்களை மதிப்பது என்பது புழக்கத்திலிருந்து அவர்களை எடுத்துவிடுவதாக மாறியிருக்கிறது. சிலைக்குக் கம்பிக்கூண்டு போடுகிற அதே காரியம்தான் இது.

5

என்னிடம் இரண்டு அம்பேத்கர் ஒரு ரூபாய்கள் உண்டு. ஒன்று நான் விலைக்கு வாங்கியது. பளபளப்பு போகாதது. இன்னொன்று அப்பாயி செத்த பிறகு அதன் சுருக்குப்பையில் கிடைத்தது. மூக்கும் கண்ணாடியும் தேய்ந்து மழுங்கியிருக்கும். ஒரு கண்காட்சியில் இதைக் காட்டியபோது வியாபாரி சிரித்தார். 'புதுசு இருக்கு சார், கைபடாதது. இத எதுக்கு வெச்சிட்டிருக்கீங்க?' அவர் கெட்டவர் இல்லை. அவருடைய கணக்கில் அது 1-க்குப் பக்கத்தில் நிற்கிற காசு.

இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிட வேண்டும் என்பதல்ல என் வாதம். நானும் பளபளப்பான காசுக்குக் காசு கொடுத்தவன்தான். அடுத்த ஏலத்திலும் கை நீளக்கூடும். ஆனால் ஆல்பத்தில் வருஷம், அச்சகம், தரம் என்று எழுதுகிற இடத்தில், எந்த ஊரில், யாரிடமிருந்து, எதற்கு மாற்றாக வந்தது என்றும் எழுதலாம். தேய்ந்ததை ஒரு குறையாக எண்ணாமல் ஒரு சாட்சியாக வைக்கலாம். அப்படிச் செய்தால் புதுக்காசுச் சேகரிப்பு, பழங்காசு நூல்கள் எழுதாமல் விட்ட ஒரு வரலாற்றுக்கு உதவக்கூடும்.

அப்பாயியின் காசுக்குக் கீழே தரம் என்ற கட்டம் ரொம்ப நாள் காலியாகவே இருந்தது. இப்போது 'கை பட்டது' என்று எழுதியிருக்கிறேன்.