கோபுரத்தைக் காட்டுவார்கள், சுவரைக் காட்ட மாட்டார்கள்

கோவில் வரலாறு எழுதுவது தமிழில் ஒரு தனி இலக்கிய வகை. சைவனுக்குத் தலபுராணம், கிறிஸ்தவனுக்கு ஜூபிலி மலர். திருவிழா நாளில் மெழுகுவர்த்திக் கடை ஓரம் விற்கிற சின்னப் புத்தகமும் அதே சாதிதான். ஓரியூர், ஏலாக்குறிச்சி, கோணான்குப்பம், தரங்கம்பாடி, புதுச்சேரி என்று வேன் பிடித்து வரிசையாகக் கோவில் பார்க்கப் போகிறவர்கள் கையில் இந்தப் புத்தகம்தான் இருக்கும். வெள்ளைக்காரச் சாமியார் கப்பலில் வந்தார், ஜமீன்தார் நிலம் கொடுத்தார், கோபுரம் இத்தனை அடி, மணி இன்ன தேசத்து மணி. இதையே ஊர் பேரை மட்டும் மாற்றி எழுதியிருப்பார்கள். கல் சுமந்தவன் யார், சுண்ணாம்பு அரைத்தவள் யார், கட்டி முடித்த பிறகு அவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

இந்தப் புத்தகங்களை இலக்கியப் பிரதிகளாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம். சிக்கலான கோட்பாடு எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த எழுவாய், செயப்படுபொருள் போதும். சாமியார் ஞானஸ்நானம் கொடுத்தார், சாமியார் கஞ்சி ஊற்றினார், சாமியார் பள்ளிக்கூடம் வைத்தார். வினை எல்லாம் அவருடையது. நம்ம சனங்க பக்கத்துக்குப் பக்கம் 'ஐ' உருபோடு வருகிறார்கள். ஏழைகளை, பாமரரை, தாழ்த்தப்பட்டோரை.

இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாக் கடற்கரையோரம் ஸ்பானியப் பாதிரிகள் 1769 முதல் கட்டின 21 மிஷன் கோவில்கள் இருக்கின்றன. அவற்றை இணைக்கிற வழிக்கு 'ராஜபாட்டை' என்று பேர் வைத்துச் சுற்றுலா நடத்துகிறார்கள். அந்தக் கோவில்களை அட்டையில் பொம்மையாகச் செய்வது நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரொம்பக் காலம் பள்ளிப் பாடமாகவே இருந்தது. அந்தச் சுவர்களுக்குள் அடைபட்டு, சவுக்கடி பட்டு, அம்மை கண்டு செத்த பழங்குடிகளைப் பொம்மையில் எப்படிக் காட்டுவது? அந்த வழியில் வந்த டெபோரா மிராண்டா 2013-ல் 'பேட் இண்டியன்ஸ்' எழுதி இந்த மௌனத்தை உடைத்தார். ஆனாலும் முதல் மிஷனை நிறுவிய ஜூனிப்பெரோ செராவுக்கு 2015-ல் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. அங்கே ஆளைப் பிடித்து அடைத்தார்கள். இங்கே நம்ம சனங்க தாங்களாக நடந்து போனார்கள். போனவர்கள் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டுதான் போனார்கள். ஜூபிலி மலர் மறைப்பது அந்தக் கேள்வியை.

எங்கள் கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சி, திண்டிவனம் என்று போகிற ரோடு புதுச்சேரியில் முடிகிறது. அங்கே சனங்கள் சம்பாக் கோவில் என்று சொல்வது மாதா கோவிலை. இப்போது நிற்கிற கட்டடம் 1791-ல் எழும்பியது. இதற்கு முன்பு அங்கே இருந்த சேசு சபைக் கோவிலை ஒட்டி வேதபுரீஸ்வரர் கோவில் இருந்ததையும், அதை 1748-ல் பிரெஞ்சுக்காரர்கள் இடித்ததையும் எல்லாரும் சொல்வார்கள். அரசியலுக்கு உதவுகிற செய்தி அது. அதற்கு மூன்று வருசம் முன்னால், 1745 அக்டோபரில், கோவிலுக்குள்ளேயே ஒரு சுவர் இடிந்தது. அதை எவனும் சொல்வதில்லை.

பறையர்களையும் மற்ற சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து உள்ளே எழுப்பியிருந்த சுவர் அது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இந்தச் சேதி இருக்கிறது. பறையர்கள் கூடினார்கள். பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உமக்குச் சீடர்கள் என்றால் எங்களுக்கும் சமமான நடத்தை வேண்டும் என்று கேட்டார்கள். சுவர் விழுந்தது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். இதை எழுதியவர் நம் பக்கத்து ஆள் இல்லை. துபாஷ் உத்தியோகம் பார்த்த பெரிய மனிதர், கிறிஸ்தவரும் இல்லை, சேரிக்காரர்கள்மேல் அவருக்குப் பரிவு கிடையாது. ஆனால் அவர் வாக்கியத்தில் நாம் எழுவாயாக நிற்கிறோம். கூடினார்கள், போனார்கள், கேட்டார்கள். நம்மைப் பிள்ளைகளே என்று அழைத்த திருச்சபையின் புத்தகங்களில் கிடைக்காத இலக்கணம், அந்நியன் கைப்பட எழுதின குறிப்பில் கிடைக்கிறது.

இதற்கு முந்தின வருசம், 1744-ல், பறையர் வீட்டுக்குள் போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும் என்று பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஆணை போட்டிருந்தார். அதே புதுச்சேரியில் 1704-லேயே போப்பின் தூதர் தூர்னோன் இட்ட கட்டளைதான் அது. நாற்பது வருசம் இழுத்தடித்தார்கள். கடைசியில் சேசு சபை கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? பறையருக்கு என்று தனியாகச் சாமியார்களை ஒதுக்கிவிட்டது.

தரங்கம்பாடிக்கு வருவோம். சீகன்பால்க் 1706-ல் இறங்கிய இடம், 1718-ல் கட்டின புதிய எருசலேம் கோவில், அச்சுக்கூடம், எல்லாம் பார்க்க வேண்டியவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ராஜநாயக்கன் என்ற பேர் அங்கே எத்தனை பேர் காதில் விழுகிறது? தஞ்சை ராஜா படையில் சிப்பாயாக இருந்த பறையர். கத்தோலிக்கராக இருந்தவர், சீகன்பால்க் அச்சிட்ட தமிழ் வேதத்தை வாசித்து லுத்தரன் சபைக்கு வந்தார். தஞ்சைச் சீமையில் வருசக்கணக்காக உபதேசியாராக உழைத்தார். 1733-ல் வெள்ளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். 1741-ல் இன்னொரு இடம் வந்தது. ராஜநாயக்கன் பேரும் அடிபட்டது. பறையன் கையால் வெள்ளாளர் நற்கருணை வாங்குவார்களா என்ற பயத்தில் தியோகுவுக்குக் கொடுத்தார்கள். ராஜநாயக்கன் 1771-ல் சாகும்வரை உபதேசியார்தான். பல்கலைக்கழகப் பாடத்தில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் இருக்கிறார். சபையில் சாதி வேற்றுமையை ஒழிக்க வந்த மிஷனரிமாரை அதே சாஸ்திரியார் எதிர்த்தார் என்பது பாடத்தில் கிடையாது.

வடக்கன்குளம் மட்டும் மறைக்க முடியாத சாட்சி. 1872-ல் கட்டின திருக்குடும்பக் கோவில், கால்சட்டை மாதிரி இரண்டு கால், பீடத்தில் ஒரு சேர்மானம். ஒரு காலில் வெள்ளாளர், மறு காலில் நாடார். நடுவில் இருந்த தடுப்பை 1910-ல் எடுத்தார்கள். வெள்ளாளர் கோர்ட்டுக்குப் போனார்கள், உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இதை நம் வெற்றியாகச் சிலர் எழுதுகிறார்கள். தப்பு. அந்தச் சண்டை இரண்டு சாதிக்காரர் சண்டை, சேரிக்காரனுக்கு அந்தக் கால்சட்டையில் ஒரு காலும் தைக்கவில்லை. அதே ஊரில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயத்துக்கு 2022-ல் புனிதர் பட்டம் கிடைத்தபோது, பேருக்குப் பின்னால் ஒட்டியிருந்த 'பிள்ளை'யை ரோமாபுரி நீக்கிவிட்டது. அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்துச் சேத்துப்பட்டு லூர்து மாதா கோவில் தாது வருசப் பஞ்சத்தோடு சேர்ந்தது. 1876 முதல் 78 வரை சனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த காலம். தாராஸ் சாமியார் ஊர் ஊராகப் போனார், சேரிகள் மொத்தமாக வேதத்தில் சேர்ந்தன. அந்த மனிதரின் உழைப்பு பெரிசு, அதில் சந்தேகமில்லை. ஆனால் 'கஞ்சிக்கு மாறினவன்' என்று இன்றைக்கும் குத்திக் காட்டுகிறார்களே, அவர்களும் ஜூபிலி மலரின் இலக்கணத்தைத்தான் பேசுகிறார்கள். ஊற்றியவன் எழுவாய், குடித்தவன் செயப்படுபொருள். பஞ்சம் தீர்ந்து மழை பெய்த பிறகும் அத்தனை பேர் திரும்பிப் போகாமல் ஏன் இருந்தார்கள் என்று கேட்டால் இந்த இலக்கணம் உடைந்துபோகும். 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணை இவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியருக்கு 1956-ல், பௌத்தருக்கு 1990-ல் கதவு திறந்தது. கிறிஸ்தவனாகப் போன பறையன் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டவன் என்று சான்றிதழ் வாங்குகிறான். ஊர் மட்டும் அவனைப் பழைய பேரில்தான் கூப்பிடுகிறது.

நம் படைப்புகள் இந்த இலக்கணத்தை எப்போதோ மாற்றிவிட்டன. பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது, மடத்துச் சுவருக்கு உள்ளே இருந்து பேசியது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் வந்தது, சேரிக்கும் கீழே துணி வெளுக்கிற கத்தோலிக்கப் பெண்ணான ஆரோக்கியத்தை நடுவில் நிறுத்தியது. கோவில் வரலாறு எழுதுகிறவர்கள் இவற்றை வாசித்ததாகத் தெரியவில்லை.

எறையூரில் வன்னியக் கிறிஸ்தவர்கள் கையில் பெரிய கோவில், தலித்துகளுக்குத் தனிக் கல்லறை. நம் ஆட்கள் சகாய மாதாவுக்குச் சொந்தமாக ஒரு கோவில் கட்டி, அதைத் தனிப் பங்காக அறிவியுங்கள் என்று போராடினார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். இணைந்து வழிபடாமல் தனிப் பங்கு கேட்பது பிரிவினை இல்லையா என்று அப்போது சில அறிவாளிகள் கேட்டார்கள். 1745-ல் சுவரை இடிக்கச் சொல்லிக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் 2008-ல் தங்களுக்கென்று சுவர் எழுப்பிக்கொண்டார்கள் என்றால், நடுவில் 263 வருசம் திருச்சபை என்ன செய்தது என்று அல்லவா கேட்டிருக்க வேண்டும்? சகாய மாதா கோவிலுக்கும் ஒருநாள் ஜூபிலி வரும். அதற்கு மலர் எழுத மறைமாவட்டத்திலிருந்து ஆள் வருவதற்குள், செங்கல் சுமந்தவர்கள் சொல்வதைப் போய் எழுதி வாங்க வேண்டும். அவர்களில் பலர் இன்னும் அந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள்.