மரத்தில் அமரும் உலோகம்: ஓர் ஆவணப்படம் குறித்து

கைத்தொழிலைப் படமாக்கிய முயற்சிகளுள், காலனிய வில்லியம்ஸ்பர்க் நிறுவனம் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட 'வில்லியம்ஸ்பர்க்கின் துப்பாக்கிக் கொல்லர்' இன்றும் பேசப்படுவதாகும். வர்ஜீனியாவில் 18ஆம் நூற்றாண்டு நகரொன்றை மீட்டமைத்துப் பேணிவரும் அந்நிறுவனத்தின் கொல்லர் வாலஸ் கஸ்லர், இரும்புப் பட்டையை உலையிலிட்டுக் குழலாக்குவது தொடங்கி, வாய்வழி மருந்திடும் நெடுந்துப்பாக்கி ஒன்றைத் தம் கையாலேயே செய்து முடிப்பதை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது காட்டுகிறது. அதன் சிறப்பை மறுப்பது நம் நோக்கமன்று. எனினும் அது எங்கே நின்று பார்க்கிறது, எதை விரைந்து கடக்கிறது என வினவ வேண்டியுள்ளது.

உலையும் சம்மட்டியும் திரைக்கு உகந்தவை. மேப்பிள் மரக்கட்டையில் உலோக உறுப்புகளைப் பதிக்கும் பணியோ அத்தகையதன்று. முதலில் குழல் பதிக்கப்படும். அதன் தீத்துளைக்கு நேராக மருந்துக் கிண்ணம் அமைய வேண்டுமாதலின் விசைப்பொறி அதன் பின்னரே. அடித்தகடு, விசைக்காப்பு முதலிய பித்தளை உறுப்புகள் பிறகு வரும். உறுப்பின் விளிம்பை உள்நோக்கிச் சற்றே குறுகுமாறு அராவி, விளக்குப் புகைக்கரியை எண்ணெயிற் குழைத்துத் தடவி, மரத்தில் அழுத்தி எடுப்பர். கரி ஒட்டிய இடம் மட்டுமே உளியால் சீவப்படும். மீண்டும் தடவல், அழுத்தல், சீவல். ஓர் உறுப்பு முற்றாக அமரும்வரை இது ஓயாது. சீவிய மரம் திரும்ப ஒட்டாது. மயிரிழை மிகினும் இடைவெளி என்றும் கண்ணை உறுத்தும். ஆகவே இங்குக் கைத்திறன் என்பது பெரிதும் நிறுத்தத் தெரிதலே. பல நூறு மணி நேர உழைப்பை ஒரு மணிக்குள் அடக்க முனையும் எப்படமும் முதலில் வெட்டி எறிவது இத்தகைய மீள்செயலைத்தான். பார்வையாளர் திறனை விரைவாகவும் வலிமையாகவும் பிறழ உணர்வதற்கு அதுவே காரணம்.

படம் முன்னிறுத்தும் தனிமனிதக் கொல்லர் என்னும் படிமமும் ஆய்வுக்குரியது. 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பட்டறைகளில் பயிலுநர்களும் உடனுழைத்தனர். பல விசைப்பொறிகள் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியாயின. அவ்வாறாயின், வாங்கிய பொறியைக் கட்டையில் இசைத்துப் பொருத்துவதே அப்பட்டறைகள் பலவற்றின் உயிர்ப்பணி. அனைத்தையும் ஒருவரே செய்வதாகக் காட்டும் ஆர்வத்தில், உண்மையில் அங்கு நடந்த தொழில் ஓரத்திற்குத் தள்ளப்படுகிறது. இதனையே நாம் படத்தின் முதன்மைக் குறையாகக் கருதுகிறோம்.

ஜார்ஜியா மாநிலத்தின் ராபன் வட்டாரத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் திரட்டிய ஃபாக்ஸ்ஃபயர் வரிசையின் ஐந்தாம் தொகுதி (1979) இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. துப்பாக்கி செய்வோரின் பேச்சையே அது பதிவு செய்கிறது. பேச்சு சுற்றி வளைகிறது, சில இடங்களில் சலிப்பூட்டவும் செய்கிறது. ஆனால் தொழிலாளி எங்கே தயங்குகிறார் என்பது அதில் தங்கிவிடுகிறது. (பள்ளி மாணவரிடம் இத்தகைய பணியை ஒப்படைக்கத் துணிந்தமையும் நம் ஆசிரியர்களின் கவனத்திற்குரியது.) நம் துறைகளின் களப்பணி ஏடுகளில் கருவிப் பெயர்ப் பட்டியல் நீள்கிறது; பொற்கொல்லரிடமோ தச்சரிடமோ 'எப்போது நிறுத்துவீர்கள்?' எனக் கேட்ட பக்கத்தைக் காண்பது அரிது.

இப்படத்தை வகுப்பில் காட்டும் ஆசிரியர், கட்டையில் உறுப்புகள் பதியும் பகுதியை ஒருமுறை ஒலியோடும் மறுமுறை ஒலியின்றியும் ஓடவிடலாம். டேவிட் பிரிங்க்லியின் தெளிந்த விளக்கவுரை நீங்கியபின், உளி மரத்தருகே தாமதிக்கும் நொடிகள் மாணவர் கண்ணிற் படக்கூடும்.