ஈன்ற ஞான்றும் இறந்த ஞான்றும்: புறநானூற்றுத் தாயர் பாடல்கள்

போரில் மாண்ட இளைஞனையும் அவனைப் பெற்ற தாயையும் ஒருங்கே நினைவூட்டும் பாடல்கள் புறநானூற்றில் சிலவே உள. எனினும், தமிழர்தம் மறப்பண்பினை எடுத்துரைக்கப் புகுவார் எவரும் அவற்றைச் சுட்டாது அமைவதில்லை. ‘மறக்குடி மகளிர்’ என்னும் தலைப்பின்கீழ் அவை தொகுக்கப்பெறுகின்றன. பாடநூல்களிலும் மேடைகளிலும் பன்முறை எடுத்தாளப்பெறுகின்றன. மகன் பட்டான் எனக் கேட்ட தாய் மகிழ்ந்தாள் என்பதே அவற்றின் திரண்ட பொருளென யாண்டும் கூறப்படுகின்றது. அக்கூற்றிற்குப் பாடல்களில் இடம் உண்டு. ஆயினும் அம்மகிழ்ச்சி எதனோடு வைத்து அளக்கப்படுகின்றது, அதனைக் கூறுவோர் யாவர், கூறாது விடப்பட்டது யாது என்னும் மூன்று வினாக்களை எழுப்பி நோக்கின், அப்பாடல்கள் வேறொரு முகம் காட்டுகின்றன. அம்முகத்தினைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

முதற்கண் எடுத்துக்கொள்ளத் தக்கன நான்கு பாடல்கள். பூங்கணுத்திரையார் பாடிய 277ஆம் பாட்டும், காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278ஆம் பாட்டும், ஔவையார் பாடிய 295ஆம் பாட்டும் தும்பைத் திணையில் உவகைக் கலுழ்ச்சி என்னும் துறையின. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279ஆம் பாட்டு வாகைத் திணையில் மூதின் முல்லை என்னும் துறையினது. புறநானூற்றிற்குக் கிடைத்துள்ள பழைய உரை முதல் 266 பாடல்கள் அளவில் நின்றுவிடுகின்றது. ஆதலின், இந்நான்கிற்கும் பழையவுரைத் துணை இல்லை. பாடலின் சொற்களும் அதன் ஈற்றில் நிற்கும் திணை துறைக் குறிப்புமே நமக்குக் கிட்டும் சான்றுகள்.

‘உவகைக் கலுழ்ச்சி’ என்னும் துறைப்பெயரே ஆராயத் தக்கது. கலுழ்ச்சி என்பது அழுகை. புறப்பொருள் வெண்பாமாலையும், வாள்வடுப்பட்ட யாக்கையைக் கண்டு கலுழ்தலையும் உவத்தலையும் ஒருங்கே வைத்தே இத்துறைக்கு இலக்கணம் கூறுகின்றது. இரண்டனுள் ஒன்றை விடுத்து ஒன்றனைக் கொள்ளுதல் துறையின் இலக்கணத்தோடு பொருந்தாது. இருப்பினும் பிற்கால விளக்கங்களில் உவகை நிலைபெற்றது. கலுழ்ச்சி ‘ஆனந்தக் கண்ணீர்’ என்னும் ஒரு தொடருள் அடங்கி மறைந்தது. இம்மறைவு முறையானதா என்பதை 277ஆம் பாட்டைக் கொண்டே துணியலாம்.

2

அப்பாட்டு மிகச் சிறியது. மீனுண்ணும் கொக்கின் தூவி போல நரைத்த கூந்தலையுடைய முதியவள் ஒருத்தி. அவள் மகன் களிற்றை எறிந்து தானும் பட்டான். அச்செய்தி கேட்ட அவள்தன் உவகை, அவனை ஈன்ற நாளின் உவகையினும் பெரிது. அவள் கண்ணீரோ, மழை பெய்து ஓய்ந்தபின் அசையும் மூங்கிலில் தங்கிநின்ற துளிகளினும் பல. பாட்டு இவ்வளவே.

இங்கு இரண்டு ஒப்பீடுகள் உள்ளன. உவகைக்கு ஓர் ஒப்பீடு. கண்ணீருக்கு ஓர் ஒப்பீடு. கண்ணீர் உவகையினின்றும் பிறந்தது எனப் புலவர் யாண்டும் கூறினாரல்லர். இரண்டனையும் அருகருகே நிறுத்தி அமைந்தார். அன்றியும், அவற்றை அளக்கும் அளவைகள் தம்முள் வேறுபட்டவை. உவகை பெருமையால் அளக்கப்பட்டது; கண்ணீர் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. ஈன்ற நாள் என்பது ஒருமுறை வந்து கழிந்த நாள். அதனோடு ஒப்பிடப்பட்ட உவகையும் செய்தி கேட்ட அந்நொடிக்கு உரியது. மூங்கிலில் தங்கிய துளிகளோ மழை நின்றபின்னரும் உள்ளவை. காற்று அசைக்குந்தோறும் ஒவ்வொன்றாக உதிர்பவை. பெருமழை ஓய்ந்தது, துளி ஓயவில்லை. உவகை ஒரு பொழுதினது, கண்ணீர் எஞ்சிய வாழ்நாளினது என்னும் வேறுபாட்டினை இவ்வுவமை தானே உணர்த்துகின்றது. அவள் நரைத்த கூந்தலை முதற்கண் கூறியதும் வறிதே அன்று. எஞ்சிய நாள்களில் துணையாகத் தக்கவனை அவள் இழந்தாள் என்பதை அது முன்னரே அறிவித்துவிடுகின்றது.

‘ஈன்ற ஞான்றினும்’ உவத்தல் என்னும் அளவை திருக்குறள் மக்கட்பேறு அதிகாரத்திலும் வருவதைக் கற்றோர் அறிவர். ஆண்டு, மகனைச் சான்றோன் எனப் பிறர் கூறக் கேட்ட தாய் உவக்கின்றாள். மகன் உயிரோடு உளன். ஈன்ற நாளின் உவகை வளர்ந்து நிறைவெய்துவதை அக்குறள் காட்டுகின்றது. புறப்பாட்டில் அதே அளவை மகன் இறந்த நாளின்மேல் வைக்கப்படுகின்றது. பிறந்த நாளும் இறந்த நாளும் ஒரு தொடரில் எதிரெதிர் நிற்க, இடைப்பட்ட அவன் வாழ்வு எத்துணைக் குறுகியது என்பது சொல்லாமலே புலனாகின்றது.

3

ஏனைய மூன்று பாடல்களிலும் இவ்வமைப்பு வேறு வேறு வடிவில் தோன்றுகின்றது. 278ஆம் பாட்டில், மகன் படையழிந்து புறமுதுகிட்டான் எனப் பலர் கூறக் கேட்ட முதியவள் சினங்கொள்கின்றாள். அது மெய்யாயின் அவன் உண்ட முலையை அறுத்திடுவேன் என வஞ்சினம் கூறி, வாளேந்திக் களம் புகுகின்றாள். குருதி தோய்ந்த களத்தில் பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகின்றாள். சிதைந்து வேறாகிக் கிடந்த மகனைக் காண்கின்றாள். ஈன்ற ஞான்றினும் பெரிது உவக்கின்றாள். இவள் உவகை பழி நீங்கியதனால் வந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பிணக்குவியலிடையே தன் மகனைத் தேடும் அச்செயல், சினத்தால் தொடங்கியதாயினும், தாய்மையின் செயலே. இப்பாட்டினுள் கண்ணீர் கூறப்படவில்லை. துறைக்குறிப்பே கலுழ்ச்சியைக் கூறுகின்றது. பாடல் கூறாது விட்ட அழுகையைத் துறை வகுத்தோர் உணர்ந்து பெயரிட்டனர் எனக் கொள்ளுதலே பொருந்தும்.

279ஆம் பாட்டில் மகன் இன்னும் இறந்திலன். முன்னாள் தந்தை களிற்றை எறிந்து பட்டான். நெருநல் கொழுநன் ஆநிரை விலக்கிப் பட்டான். இன்று போர்ப்பறை கேட்டு, ஒரு மகனன்றி இல்லாதாள் அவனை அழைத்து வெள்ளிய உடை உடுத்தி, குடுமியில் எண்ணெய் நீவி, வேலைக் கையிற் கொடுத்துப் போக்குகின்றாள். பாட்டு அவள் சிந்தை கெடுக என்னும் கூற்றோடு தொடங்குகின்றது. இதனை இகழ்வதுபோலப் புகழ்தலாகக் கொள்வர். அவ்வாறு கொள்ளினும், காண்பாரது நடுக்கத்தை அக்கூற்றினின்றும் நீக்குதல் இயலாது. நடுக்கம் பிறக்குமிடம் வேல் கொடுத்த செயலன்று. குடுமிக்கு எண்ணெய் நீவிய செயலாகும். விழாக் காணச் செல்லும் சிறுவனுக்குத் தாய் செய்வதனைக் களம் செல்பவனுக்கு அவள் செய்கின்றாள்.

295ஆம் பாட்டில், படையிடையே சிதைந்து கிடந்த மகனைக் கண்ட தாயின் வாடிய முலை ஊறிச் சுரக்கின்றது. அறிவு அவனை வீரன் என்று கொள்கின்றது. உடலோ அவனைக் குழவி என்று கொள்கின்றது.

நான்கினையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை தெளிவாகின்றது. ஈன்ற நாள், உண்ட முலை, எண்ணெய் நீவிய குடுமி, ஊறிய பால் என்பன எல்லாம் குழவிப் பருவத்தையும் சிறுபருவத்தையும் சார்ந்தவை. களத்தில் பட்ட வீரனைப் பாடும் புலவர், புகழுக்குரிய செய்திகளைச் சுருங்கக் கூறி, அவனை மீண்டும் தாயின் மடியிற் கிடத்துகின்றனர். இந்நால்வருள் ஔவையாரும் நச்செள்ளையாரும் மாசாத்தியாரும் பெண்பாற் புலவர் என்பது ஈண்டு நினைக்கத் தகும்.

4

இனி, கூறுவோர் யாவர் என்னும் வினாவினை நோக்குவோம். மேற்கண்ட நான்கினுள் ஒன்றேனும் தாயின் கூற்றாக அமையவில்லை. அவள் மகிழ்ந்தாள் எனப் பிறர் கூறுகின்றனர். சுற்றத்தார் தாமே வாய்திறந்து பேசும் பாடல்களைக் காண வேண்டுமாயின் பொதுவியல் திணைக்குச் செல்லுதல் வேண்டும். அவற்றுள் தலையாயது கயமனார் பாடிய 254ஆம் பாட்டு, முதுபாலைத் துறையினது.

சுரத்திடை வீழ்ந்த கணவனை மனைவி விளித்துப் பேசுகின்றாள். உடன் வந்த இளையரும் முதியரும் வேறிடம் சென்றனர். மார்பு மண்ணைத் தழுவக் கிடக்கின்றான், எடுப்பவும் எழுந்திலன். வளையிழந்த வறுங்கையை ஓச்சி அவள் சுற்றத்தாரிடைச் சென்று இச்செய்தியை அறிவித்தல் வேண்டும். அப்பொழுது அவன் தாய் என்னாவாள்? ஊர்முன் நிற்கும் பழுத்த ஆலமரம் பறவைகளுக்கு ஆவதுபோலத் தன் மகனின் வளனும் தலைமையும் தனக்கு ஆவன என்று நாள்தோறும் புகழ்ந்துகொண்டிருப்பவள் அன்றோ அவள்? இரங்கத்தக்காள் அவள் என்று முடிகின்றது பாட்டு.

இப்பாட்டில் இறந்தவனுக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. மனைவி விளிக்கும்போது அவன் ‘மள்ளன்’. சுற்றத்தாரிடை உரைக்கப்படும்போது ‘இளையோன்’. தாயின் வாயில் அவன் ‘மகன்’. வீரன் என்னும் நிலையிலிருந்து இளைஞன் என்னும் நிலைக்கும், அதனின்று மகன் என்னும் நிலைக்கும் பாட்டு படிப்படியாக இறங்கிச் செல்கின்றது. தன் துயரைக் கூறப் புகுந்தவள் மாமியின் துயரையே கூறி அமைகின்றாள். தாயோ செய்தி அறியாள். ஆலமரத்தைப் புகழ்ந்துகொண்டே இருக்கின்றாள். மரம் வீழ்ந்தமை நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவ்விடைவெளியே இப்பாட்டின் அவலமாகும்.

277ஆம் பாட்டின் தாயும் 254ஆம் பாட்டின் தாயும் இருவேறு உலகத்தவர் அல்லர். முன்னவளை ஊரவர் நோக்கில் காண்கின்றோம். பின்னவளை வீட்டார் நோக்கில் காண்கின்றோம். தொகுத்தோர் இருவகைப் பாடல்களையும் ஒரு நூலுள் வைத்தனர். நாமோ ஒருவகையினையே எடுத்து மேற்கோளாக்கி வருகின்றோம்.

5

தொல்காப்பியனாரும் இருவகையினையும் மறந்தாரல்லர். மாய்ந்தவனைச் சூழ்ந்த சுற்றத்தாரின் பூசல் மயக்கமும், கணவனை இழந்தாள் சுரத்திடைப் புலம்பும் முதுபாலையும், எஞ்சினோர் இரங்கும் கையறுநிலையும், தாய் உயிர்நீங்கும் தலைப்பெயல் நிலையும் காஞ்சித் திணையின் துறைகளாக அவரால் வகுக்கப்பட்டுள்ளன. நடுகல்லுக்குக் காட்சி முதலாக ஆறு நிலைகளை வகுத்த அவர், அழுவார்க்கும் தனித்தனித் துறைகள் வகுத்தார். நிலையாமை கூறும் காஞ்சியுள் அவை அடங்கியமை பொருத்தமுடையதே.

கல்வெட்டுச் சான்றுகளை இவற்றோடு ஒப்பிடின் இலக்கியத்தின் பணி இன்னும் விளங்கும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் வெளிப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, ஆகோட் பூசலில் பட்டவனின் பெயரையும் ஊரையும் சில சொற்களில் கூறி முடிகின்றது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள, மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனையும் அவன் தலைவனையும் கூறுவதோடு, கள்வரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்துள்ளது. காத்த நாய்க்குக் கல்லில் இடம் கிடைத்தது; பெற்ற தாய்க்குக் கிடைக்கவில்லை. 1914ஆம் ஆண்டு தொடங்கிய பெரும்போருக்குப் பின்னர் நம் நாட்டின் பல ஊர்களில் பதிக்கப்பெற்ற கற்களிலோ, ஊரினின்று சென்றோர் இத்துணையர், மாண்டோர் இத்துணையர் என்னும் எண் மட்டுமே உண்டு. மாண்டவன் பெயரும் இல்லை.

கல் செயலை நினைவிற்கொள்கின்றது. அதற்கு அதுவே கடன். அக்கல்லின் அருகேயும் எஞ்சியோரை நிறுத்திக் காட்டுவது பாட்டின் கடன். உறையூர் இளம்பொன் வாணிகனார் 264ஆம் பாட்டில் அதனையே செய்தார். பெயர் பொறித்துக் கல் நட்டாயிற்று. தலைவன் மறைந்தமை அறியாது பாணர் சுற்றம் இன்றும் வருமோ என்று அவர் இரங்குகின்றார். கல்லைப் பாடவந்த பாட்டும் அறியாது வருவாரைப் பற்றியே கவல்கின்றது.

இவ்வாற்றால், தாயர் பாடல்கள் மறப்பண்பிற்குச் சான்றாவதோடு அப்பண்பிற்கு ஒரு குடும்பம் கொடுத்த விலைக்கும் சான்றாகும் என்பது பெறப்படும். மகிழ்ந்தாள் என்பதனை மட்டும் எடுத்துரைப்போமாயின், அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டு அவளைப் புகழ்ந்தவர் ஆவோம். புலவர் அவ்வாறு செய்திலர். 277ஆம் பாட்டினை மாணவர்க்கு உரைக்கும் ஆசிரியர், 254ஆம் பாட்டினையும் உடன்வைத்து உரைப்பாராக. துறைப்பெயரின் முற்பாதியை உரைப்பவர் பிற்பாதியையும் உரைத்தல் வேண்டும். உவகையும் கலுழ்ச்சியும் ஒரு துறையாக நின்றது பழந்தமிழர் இருந்த நெறியைக் காட்டும். அவற்றைப் பிரிக்காது பயிலுதல் நம் கடனாகும்.