செய்தி ஒளிபரப்பில் பெயரிடலும் நடுநிலையும்: சேஷாசல நிகழ்வை முன்வைத்து

செய்தி ஒளிபரப்பின் நடுநிலை குறித்த விவாதங்கள் எத்தரப்புக்கு எவ்வளவு நேரம் அளிக்கப்பட்டது என்பதையே பெரிதும் அளக்கின்றன. எத்தரப்பு எப்பெயரால் சுட்டப்பட்டது என்பதை அளப்பது அரிது. இக்குறையின் விளைவை 2015 ஏப்ரல் 7 அன்று நிகழ்ந்த சேஷாசலக் காட்டு நிகழ்வு புலப்படுத்துகிறது.

அன்றைய சித்தூர் மாவட்டத்தில், இன்று 2022இல் உருவான திருப்பதி மாவட்டத்தில் அடங்கும் பகுதியில், செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையினர் சுட்டதில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இறந்தனர். கற்களாலும் கோடரிகளாலும் தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல் துறை கூறியது. உடன் சென்றோர் வழியிலேயே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு செல்லப்பட்டதாக, தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சாட்சியம் அளித்தனர்.

இறந்தோரைச் சுட்ட வழங்கிய சொற்களுள் முதன்மையானது ‘கடத்தல்காரர்’ என்பதாகும். ‘-காரர்’ என்னும் விகுதி, பால்காரர், கடைக்காரர் என்பவற்றிற்போல, ஒருவரது நிலைத்த தொழிலை உணர்த்துவது. ‘கடத்தியவர்’ என்பது ஒரு செயலை மட்டுமே சுட்டும். ‘கடத்தியதாகக் காவல் துறை கூறுபவர்’ என்பது குற்றச்சாட்டை மட்டுமே சுட்டும். இம்மூன்றையும் ஒன்றாகக் கொள்வது விசாரணைக்கு முன்னரே தீர்ப்பு வழங்குவதாகும். தெலுங்கில் வழங்கும் ‘ஸ்மக்லர்’, ‘கூலீ’ என்பவற்றிற்கும் இவ்வேறுபாடு உண்டு: முன்னது ஆதாயம் பெறுபவனை நினைவூட்டும், பின்னது நாட்கூலிக்கு மரம் வெட்டுபவனை நினைவூட்டும்.

‘மோதல்’ என்னும் சொல்லும் இத்தகையதே. அது இருதரப்பும் தாக்கிக்கொண்டதை முன்கூட்டியே உண்மையெனக் கொள்கிறது. விசாரணைக்குரிய வினாவே அதுதான். ‘போலி மோதல்’ என மாற்றுவதும் மற்றொரு முடிவைக் கூறுவதேயாகும். ‘அப்பாவித் தமிழர்’ என்னும் தொடரோ சான்றைக் கடப்பதோடு, உயிரிழப்பை இரு மொழியினரிடையே உள்ள பூசலாக மாற்றுகிறது. சித்தூர் எல்லையில் இருமொழிச் செய்திகளையும் கேட்கும் ஒருவருக்கு ஒரே இறப்பு இரு வேறு நிகழ்வுகளாகத் தோன்றும்.

செய்தி ஒளிபரப்பாளர் சங்கம் 2008இல் வகுத்த நெறிமுறை, குற்றச்சாட்டு உண்மையாகவும் குற்றமாகவும் காட்டப்படலாகாது என வற்புறுத்துகிறது. எனினும் தமிழ்ச் செய்தியாளர் இதற்குப் புகலிடமாகக் கொள்ளும் ‘கூறப்படுகிறது’ என்னும் செயப்பாட்டு வினை போதுமானதன்று. அது கூறியவரை மறைத்துவிடுகிறது. ‘மோதல் நடந்ததாகக் காவல் துறை கூறுகிறது’ என்பதில் கூற்றும் உண்டு, கூறியவரும் உண்டு. இதனால் தலைப்புச் செய்தி சில சொற்கள் நீளும் என்பது உண்மையே. ஆயினும் ‘காவல் துறையினர் சுட்டதில் 20 பேர் இறந்தனர்’ என்னும் தொடர் குறுகியது, எத்தரப்பும் மறுக்காதது.

மறுதரப்பின் விளக்கத்தைக் கேட்டு வெளியிடுவது நடுநிலையின் அடிப்படை எனக் கருதப்படுகிறது. இறந்தோர் விளக்கம் அளிக்க இயலாதவர்கள். ஆகவே அவர்களைக் குறிக்கும் பெயரைத் தெரிவு செய்வதில் செய்தியாளரும் மொழிபெயர்ப்பாளரும் காட்டும் கவனமே அவர்களுக்குக் கிட்டும் ஒரே மறுமொழி எனலாம்.