மூன்று நிமிடம், அறுபது நிமிடம், முப்பது விநாடி

1902 நவம்பரில் கல்கத்தாவின் ஓட்டல் அறை ஒன்றில் பாடி முடித்த பாடகி கௌஹர் ஜான், கடைசியில் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்லி நிறுத்தினார். இசைத்தட்டு அச்சாகப் போவது ஜெர்மனியின் ஹனோவரில். பாடியது யாரென்று அங்கே தெரிய வேண்டுமே. பெயரையும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய மூன்று நிமிடம். மணிக்கணக்கில் விரியக்கூடிய ராகத்தைத் தட்டின் ஒரு பக்கத்துக்குள் மடித்து வைக்க வேண்டியிருந்தது.

இசை வரலாற்றைப் பாடகர்களின் பெயர்களைக் கொண்டே எழுதிவந்திருக்கிறோம். கருவிகளின் அளவுகளைக் கொண்டு எழுதினால் கதை வேறாகத் தெரிகிறது. இந்த வழியில் முன்பே நடந்தவர்கள் உண்டு. நாடகப் பாட்டு, இசைத்தட்டு, சினிமா மூன்றும் ஒன்றுக்கொன்று தீனி போட்டு வளர்ந்ததை தியடோர் பாஸ்கரன் 1981இல் வந்த ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ நூலில் காட்டினார். கர்நாடக இசையின் ‘குரல்’ என்று நாம் நினைப்பதே நவீன காலத்தில் உருவானது என்று அமண்டா வைட்மன் 2006இல் எழுதினார். பீட்டர் மானுவலின் ‘கேசட் கல்ச்சர்’ (1993) வட இந்தியாவைப் பற்றியது. ஆனாலும் நம் ஊர்க் கடைத்தெருவுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

குரல் விஷயத்தில் பெரிய மாற்றத்தைச் செய்தது மைக். அது வருவதற்கு முன் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதே முதல் தகுதி. 1933இல் இளம் வயதில் மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டுகளைக் கேட்டால் அந்த உச்ச சுருதி புரியும். மைக் வந்ததும் சுருதி இறங்கியது. இன்று ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவது சாதாரணம். மெல்லிய கமகமும் முணுமுணுப்பும் சபைக்கு வந்தன. நஷ்டமும் உண்டு: இப்போதைய சபாக்களில் மிருதங்கத்துக்கும் மைக், வயலினுக்கும் மைக், காது பொத்தும் அளவுக்கு ஒலி.

வானொலி அளவை மாற்றவில்லை, அதிகாரத்தை மாற்றியது. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதும் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓரங்கட்டப்பட்டது. டீக்கடை வானொலியின் முள் கொழும்புப் பக்கம் திரும்பியது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர் மாதிரி ஆனார்கள். 1957இல் சினிமாப் பாட்டுக்கு இடம் தர ஆல் இந்தியா ரேடியோவே விவித பாரதியைத் தொடங்கவேண்டி வந்தது. கேட்பவர்கள் ஓர் அமைச்சகத்தைத் தோற்கடித்த கதை இது.

கேசட்டில்தான் கேட்பவர் முதல்முறையாகத் தொகுப்பாளர் ஆனார். எண்பதுகளில் எங்கள் ஊர் ரிக்கார்டிங் கடைக்கு ரூல் போட்ட தாளில் பாட்டுப் பட்டியலோடு போவோம். கடைக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “அறுபதுல ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டுதான் தம்பி. ஏழாவது வச்சா பாதியில அறுந்துடும்” என்பார். தொண்ணூறு வாங்கலாம், நாடா மெலிசு, சிக்கும். எதை நீக்குவது என்று கடை வாசலில் நின்று அடித்துத் திருத்துவோம். அந்த நேரத்தில் எங்களுக்குள் ஒரு விமர்சகன் பிறந்தான் என்றே சொல்வேன். வீட்டுக்கு வந்ததும் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் காதை உடைத்துவிட வேண்டும், யாரும் அழித்துப் பதியாமல் இருக்க. மனம் மாறினால் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் போதும்.

இன்றைக்கும் அந்தப் பட்டியலில் ஒரு பாட்டு பேருந்தில் ஒலித்து முடிந்தால், அடுத்த பாட்டின் முதல் இசை என் தலைக்குள் தானாகவே தொடங்குகிறது. பேருந்தில் வேறு ஏதோ வரும். ஒரு கணம் ஏமாற்றம். அதே கேசட்டின் மலிவுதான் ஆடி மாத அம்மன் பாட்டையும் புஷ்பவனம் குப்புசாமி போன்றோரின் நாட்டுப்புறப் பாட்டையும் வீதிக்குக் கொண்டுவந்தது.

இப்போதைய அளவு முப்பது விநாடி. ஸ்பாட்டிஃபையில் முப்பது விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டு ‘கேட்கப்பட்டதாக’ கணக்கு. அதற்குள் கேட்பவரைப் பிடித்தாக வேண்டும். பல்லவிக்கு முன் நீண்டு தவழும் முன்னிசைக்கும், இளையராஜா இரண்டு சரணங்களுக்கு நடுவே கட்டிய இடையிசைக்கும் இந்தக் கணக்கில் மதிப்பு இல்லை. அடுத்த பாட்டை யாரோ எழுதிய நிரல் தேர்ந்தெடுக்கிறது. அது எனக்குப் பிடிக்கும் பாட்டையே தருகிறது என்பதுதான் என் புகார். கொழும்பு அறிவிப்பாளர் எனக்குப் பிடிக்காததையும் போட்டார். பாதி ரசனை அப்படி வந்ததுதான்.

குரலுக்கு உடலே வேண்டாம் என்ற இடத்துக்கும் வந்துவிட்டோம். ‘லால் சலாம்’ (2024) படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் பாடவைத்தார்; குடும்பங்களிடம் அனுமதி பெற்றே செய்தார். அனுமதி கேட்காதவர்களைப் பற்றித்தான் நாளைய ஆய்வு பேச வேண்டியிருக்கும்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். ரசிகர்கள் மடியில் வைத்துப் பதிந்த கச்சேரிகள், கோயில் திருவிழா நாதஸ்வரம், பாட்டி பாடிய தாலாட்டு ஆகியவை எந்தச் செயலியிலும் இல்லை. அவை உங்கள் வீட்டுப் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கலாம். ஓடுகிற டேப் ரிக்கார்டர்களும் குறைந்துவருகின்றன. இந்தக் கோடைக்குள் இறக்கிப் பாருங்கள்.